லாம்டா கால்குலஸ் முதல் தடவை படிக்கப் போறீங்களா? அடைப்புக்குறியில இருந்து ஆரம்பிங்க

ஒரு λ (இதான் லாம்டா), ஒரு புள்ளி, கொஞ்சம் அடைப்புக்குறி, சில எழுத்து. ஃபங்ஷனை மட்டுமே வச்சு கணக்குப் போடுற லாம்டா கால்குலஸ்ங்கற மொழி மொத்தமும் இவ்வளவுதான். இதைப் பிடிக்க எனக்கு மூணு வாரம் போச்சு. அதுல ரெண்டு வாரம் சுத்தமா வேஸ்ட், ஏன்னா எனக்குப் புரியாம போனது ஏதோ ஆழமான தத்துவம்னு நினைச்சு பக்கம் பக்கமா படிச்சுட்டே இருந்தேன், கடைசியில பார்த்தா நான் ஒரு அடைப்புக்குறியைத் தொலைச்சிருந்தேன், இன்னொரு எடத்துல ரெண்டு வேரியபிளுக்கு ஒரே பேர் இருந்ததைக் கவனிக்கல. அதான் இதை எழுதுறேன். வரலாறெல்லாம் சொல்லப் போறதில்ல, நேரா வேலைக்குப் போயிடலாம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். கால்குலஸ்னு பேர்ல இருக்கறதால பள்ளிக்கூடத்துல படிச்ச டிஃபரென்ஷியேஷன், இன்டக்ரேஷன் எல்லாம் ஞாபகம் வந்து பயப்படாதீங்க, அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இங்க அந்த வார்த்தைக்கு "கணக்குப் போடுற முறை"ன்னுதான் அர்த்தம். நாம பார்க்கப் போறது டைப் இல்லாத லாம்டா கால்குலஸ். டைப்னா இது எண், இது ஃபங்ஷன்னு பிரிக்கற வகை. "டைப் இல்லாத"ன்னா எந்த ஃபங்ஷனுக்குள்ள எதை வேணும்னாலும் போடலாம், தன்னையே தனக்குள்ள கூடப் போடலாம், தடுக்க ஆளில்ல. அந்த சுதந்திரத்தாலதான் பின்னாடி வர்ற தலைவலி எல்லாம், ஜாலியும் அதுலதான்.

1. என்ன வேணும், எவ்வளவு செலவு, எத்தனை நாள்

ஒரு நோட்டு, பென்சில், ரப்பர், ரெண்டு கலர் பேனா. கோடு போட்ட நோட்டை விட கட்டம் போட்டது நல்லது, ஏன்னு கீழ சொல்றேன். கடைசி ஸ்டெப்புக்கு மட்டும் பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழி வேணும், அது இலவசம். ஆக செலவுன்னு பெருசா ஒண்ணும் இல்ல. கணித அறிவும் பெருசா தேவையில்ல, ஃபங்ஷன்னா உள்ள ஒண்ணு போட்டா வெளிய ஒண்ணு வரும்னு தெரிஞ்சா போதும்.

நேரம்: தினம் ஒரு மணி நேரம் வச்சா பத்து நாள் ஆகும். முதல் நாள் எழுத்து முறையும் அடைப்புக்குறியும், அடுத்த மூணு நாள் பீட்டாவும் (ஃபங்ஷனுக்குள்ள இன்புட்டை வைக்கற ஸ்டெப்) பேர் மாத்தறதும், ஒரு நாள் உண்மை பொய், ரெண்டு நாள் எண்கள், ஒரு நாள் ஒண்ணு கழிக்கறது, மீதி ரெண்டு நாள் ஒய் காம்பினேட்டர் (பேர் இல்லாத ஃபங்ஷனைத் தன்னையே கூப்பிட வைக்கற வித்தை). ஒரே ராத்திரியில முடிக்கலாம்னு உக்காராதீங்க. நான் அப்படித்தான் உக்காந்தேன், நேரா ஒய் காம்பினேட்டருக்குத் தாவி ரெண்டு மணி நேரம் அதையே முறைச்சுப் பார்த்துட்டு தூங்கப் போயிட்டேன்.

2. மொழியில இருக்கறது மூணே மூணு

நான் இங்க வேரியபிளுக்கு க, ச, ட, ப, ம, ந ன்னு எழுதப் போறேன். வழக்கமா எக்ஸ், ஒய்னு போடுவாங்க, ஆனா பேர் என்னங்கறது முக்கியமே இல்லங்கறதுதான் இந்தப் பாடத்துல பாதி, அதனால இப்பவே பழகிக்கோங்க.

முதலாவது, வேரியபிள். சும்மா க ன்னு எழுதினாலே அது ஒரு முழு வாக்கியம்.

ரெண்டாவது, ஃபங்ஷன் உண்டாக்கறது, இதைத்தான் அப்ஸ்ட்ராக்ஷன்னு சொல்றாங்க. λக.க ன்னா "ஒரு க குடு, அந்த க-வையே திருப்பித் தர்றேன்". புள்ளிக்கு முன்னாடி இருக்கறது உள்ள வாங்குற பேர், புள்ளிக்குப் பின்னாடி இருக்கறது ஃபங்ஷனோட உடம்பு.

மூணாவது, அப்ளை பண்றது. ரெண்டை பக்கத்துல பக்கத்துல எழுதினா போதும்: ப க. அதுக்கு அர்த்தம் "ப-ங்கற ஃபங்ஷனுக்கு க-வைக் குடு".

அவ்வளவுதான். எண் கிடையாது, கூட்டல் கிடையாது, இஃப் (இப்படின்னா இது, இல்லன்னா அது) கிடையாது, லூப் (திரும்பத் திரும்பப் பண்றது) கிடையாது. எல்லாத்தையும் இந்த மூணை வச்சே நாமளே செஞ்சுக்கணும்.

ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே ஒரு இன்புட்தான் அனுமதி. ரெண்டு வேணும்னா ஒண்ணை வாங்கிட்டு, அடுத்ததை வாங்குற இன்னொரு ஃபங்ஷனைத் திருப்பித் தரணும்: λக.λச.க. சிலர் இதையே சுருக்கி λகச.க ன்னு எழுதுவாங்க. பார்க்க அழகா இருக்கும், ஆனா முதல் வாரம் தயவுசெஞ்சு சுருக்காதீங்க, எத்தனை λ இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும்.

3. அடைப்புக்குறி: என் ரெண்டு வாரத்தை முழுங்கினது

ரெண்டு விதி. நோட்டோட அட்டையில எழுதி வைங்க.

அப்ளை பண்றது இடப்பக்கத்துல இருந்து சேரும். அதாவது ப க ச ன்னா (ப க) ச. அது ப (க ச) கிடையாது.

λ-வோட உடம்பு வலப்பக்கம் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகும். λக.க ச ன்னா λக.(க ச). அது (λக.க) ச கிடையாது.

படிச்சா சாதாரணமா இருக்கும். மாட்டிக்கறது எங்கன்னா, கணக்குப் போடும்போது நடுவுல ஒரு துண்டை எடுத்து இன்னொண்ணை வைக்கறீங்கள்ல, அப்ப அந்தத் துண்டைச் சுத்தி இருந்த அடைப்புக்குறி "தேவையில்லாத மாதிரி" தெரியும். ப (ப க) ன்னு வரவேண்டிய எடத்துல நான் ப ப க ன்னு எழுதிட்டேன். முதல்ல இருக்கறது க-வுக்கு ப-வை ரெண்டு தடவை அப்ளை பண்றது. ரெண்டாவது ப-வுக்கு ப-வையே குடுத்து வர்றதுக்கு க-வைக் குடுக்கறது, முற்றிலும் வேற. இந்த ஒரு தப்பை வச்சுக்கிட்டு "1 கூட 1 கூட்டினா 2 ஏன் வர மாட்டேங்குது"ன்னு நாலு சாயங்காலம் போச்சு.

அதனால வழக்கமா வச்சுக்கோங்க: எதையாவது எடுத்து உள்ள வைக்கும்போது, தேவையோ இல்லையோ, அதைச் சுத்தி அடைப்புக்குறி போட்டே வைங்க. அடுத்த வரியில வேணும்னா நீக்கிக்கலாம். கட்டம் போட்ட நோட்டு இதுக்குத்தான், ஒரு கட்டத்துக்கு ஒரு குறி எழுதினா திறந்ததும் மூடினதும் எண்ணிப் பார்க்க ஈஸி.

பயிற்சிக்கு λக.λச.க ச (ச க) க வை முழு அடைப்புக்குறியோட எழுதிப் பாருங்க. λக.(λச.(((க ச) (ச க)) க)) வரணும். வரலைன்னா நாலாவது ஸ்டெப்புக்குப் போகாதீங்க.

4. யாருக்குச் சொந்தமான வேரியபிள்

கலர் பேனாவை எடுங்க. ஒவ்வொரு λ-வில இருந்தும் அது பிடிச்சு வச்சிருக்கற வேரியபிளுக்கு ஒரு வளைவுக் கோடு போடுங்க. λக.க ச ன்னு இருந்தா க-வுக்குக் கோடு வரும், அது பவுண்ட். ச-வுக்கு எந்த λ-வும் இல்ல, அது ஃப்ரீ, வெளியில இருந்து வர்றது.

ஒரே பேர் ரெண்டு λ-வுல இருந்தா உள்பக்கம் கிட்ட இருக்கறதுதான் ஜெயிக்கும். λக.(λக.க) ன்னு இருந்தா கடைசி க உள்ள இருக்கற λ-வுக்குச் சொந்தம், வெளிய இருக்கற λ-வுக்கு ஒண்ணுமே இல்ல.

பவுண்ட் வேரியபிளோட பேரை மாத்தினா அர்த்தம் மாறாது. λக.க வும் λச.ச வும் ஒண்ணுதான். இதுக்கு ஆல்ஃபான்னு பேர். ஃப்ரீ வேரியபிள் பேரை மட்டும் தொடவே கூடாது, அது உங்க சொத்து கிடையாது.

5. பீட்டா: நிஜமான வேலை இது ஒண்ணுதான்

ஒரு ஃபங்ஷனுக்குப் பக்கத்துலயே அதுக்கான இன்புட் இருந்தா அந்த ஜோடிக்கு ரெடெக்ஸ்னு பேர். (λக.உடம்பு) இன்புட் ன்னு இருக்கறதைப் பார்த்தா, λக. வை அழிச்சுட்டு, உடம்புல அந்த λ-வுக்குச் சொந்தமான க எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் இன்புட்டை வைக்கணும். இதுதான் பீட்டா, சுருக்கறதுன்னும் சொல்வாங்க. அவ்வளவே.

(λக.க க) ச → ச ச

(λக.λச.க) ட → λச.ட

நான் போடுற முறை என்னன்னா, ஒரு வரிக்கு ஒரே ஒரு ரெடெக்ஸ், அதுக்குக் கீழ கோடு, இன்புட்டை ரெண்டாவது கலர்ல வட்டம், அப்புறம் அடுத்த வரி. ரெண்டு ஸ்டெப்பை ஒரே வரியில பண்றது நேரத்தை மிச்சப்படுத்தற மாதிரி தோணும், ஆனா தப்பு வந்தா எங்க வந்துச்சுன்னு தேடறதுக்கு அதைவிட பத்து மடங்கு நேரம் போகும்.

சுருக்க இனிமே ஒரு ரெடெக்ஸும் மிச்சமில்லன்னா அது நார்மல் ஃபார்ம், அதாவது விடை. இதுல புதுசா வர்றவங்க ஏமாறுவாங்க: விடைன்னா ஒரு எண்ணோ ஏதோ வரும்னு எதிர்பார்ப்போம், இங்க விடையும் ஒரு ஃபங்ஷன்தான். λச.ட ன்னு வந்து நின்னா "சரி, அப்புறம்?"னு கேக்காதீங்க, முடிஞ்சுது.

ஈட்டான்னு ஒண்ணும் இருக்கு. λக.ப க வும் வெறும் ப வும் ஒரே வேலையைத்தான் பண்ணும், ப-வுக்குள்ள க ஃப்ரீயா இல்லாத வரைக்கும். இப்போதைக்கு கேள்விப்பட்டு வச்சுக்கோங்க, அது போதும்.

6. பேர் மோதல்: இதைத் தாண்டிட்டா பாதிக் கிணறு தாண்டின மாதிரி

இதைப் பாருங்க:

(λக.λச.க) ச

அவசரத்துல போட்டா λச.ச ன்னு வரும். தப்பு. வெளிய இருந்து வந்த ச ஃப்ரீயா இருந்துச்சு, அதைக் கொண்டு போய் உள்ள இருக்கற λச-கிட்ட மாட்டி விட்டுட்டோம், அது உடனே பிடிச்சு வச்சுக்கிச்சு. "எதைக் குடுத்தாலும் வெளியில இருக்கற ச-வையே திருப்பித் தா"ன்னு இருக்க வேண்டியது "குடுக்கறதையே திருப்பித் தா"ன்னு ஆயிடுச்சு.

சரியான வழி: முதல்ல உள்ள இருக்கற ச-வுக்கு ஆல்ஃபா மூலமா வேற பேர் வைங்க, அப்புறம் பீட்டா.

(λக.λட.க) ச → λட.ச

இது இப்படி குட்டியா இருக்கும்போது யாருக்கும் தெரியும். நிஜத்துல எப்படி வந்து கடிக்கும்னா, என் நோட்டுல இருந்தே காட்டறேன். 2-ங்கற எண்ணை இந்த மொழியில λப.λக.ப (ப க) ன்னு எழுதுவாங்க (ஏன்னு ஒன்பதாவது ஸ்டெப்ல வரும்). 2-க்கு 2-வையே குடுத்தா என்ன ஆகும்னு பார்க்க உக்காந்தேன்.

2 2 = (λப.λக.ப (ப க)) 2 → λக.2 (2 க)

இது வரைக்கும் சரி. அடுத்து உள்ள இருக்கற 2 க வை சுருக்கப் போனேன்:

2 க = (λப.λக.ப (ப க)) க

ப இருக்கற எடத்துல க-வைப் போட்டு λக.க (க க) ன்னு எழுதிட்டேன். பார்க்க எவ்வளவு அழகா இருக்கு! ஆனா மூணு க-வும் இப்ப ஒரே λ-கிட்ட மாட்டிக்கிச்சு, வெளியில இருந்து வந்த க காணாமப் போச்சு. அதுக்கப்புறம் எத்தனை பக்கம் போட்டாலும் உருப்படியா ஒண்ணும் வரல.

பேர் மாத்திட்டு போடுங்க. 2-வை λப.λட.ப (ப ட) ன்னு எழுதினா 2 க → λட.க (க ட). அதாவது க-வை ரெண்டு தடவை அப்ளை பண்ற ஃபங்ஷன். வெளிய இருக்கற 2 அதையே ரெண்டு தடவை பண்ணும், ஆக நாலு தடவை:

λக.λச.க (க (க (க ச)))

அது 4. எனக்கு இந்த ஒரு கணக்கு சரியா வந்த அன்னைக்குத்தான் இந்த சப்ஜெக்ட் மேல நம்பிக்கையே வந்துச்சு.

சோம்பேறித்தனமான ஆனா பாதுகாப்பான வழி ஒண்ணு இருக்கு: ஒரு ஃபங்ஷனை காப்பி பண்ணி எழுதும் ஒவ்வொரு தடவையும் அதோட பவுண்ட் வேரியபிள் எல்லாத்துக்கும் புத்தம் புது பேர் வச்சுடுங்க, க1, க2, க3 ன்னு போனாலும் பரவாயில்ல. அசிங்கமா இருக்கும், தப்பு வராது. இந்தப் பேர் தொல்லையே வேணாம்னு 1972-ல டி ப்ரைன்ங்கறவர் பேருக்கு பதிலா எண்ணை வச்சு எழுதுற முறை ஒண்ணு கொண்டு வந்தார், கம்ப்யூட்டருக்கு அது ரொம்ப வசதி, நம்ம கண்ணுக்குத்தான் கஷ்டம், அதனால இப்ப அதுக்குள்ள போகாதீங்க.

7. எதை முதல்ல சுருக்கறது, நிக்காம ஓடினா என்ன பண்றது

ஒரே வரியில ரெண்டு மூணு ரெடெக்ஸ் இருந்தா எதைத் தொடறது? எதைத் தொட்டாலும் விடைன்னு ஒண்ணு கிடைச்சா அது ஒரே விடைதான் (பேர் வேணா மாறும்). லாம்டா கால்குலஸை உண்டாக்கின சர்ச்சும் அவரோட மாணவர் ராஸரும் 1936-ல நிரூபிச்ச விஷயம் இது. ஆனா விடை கிடைக்குமாங்கறது நீங்க எந்த வழியில போறீங்கங்கறதைப் பொறுத்தது.

(λக.க க) (λக.க க)

இதை ஒரு தடவை சுருக்குங்க. அதே திரும்ப வரும். இன்னொரு தடவை சுருக்குங்க. அதேதான். இதுக்கு ஒமேகான்னு பேர். நான் முதல்ல என் மேலதான் தப்புன்னு நினைச்சு ஆறு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டேன். (λக.க க க) (λக.க க க) இன்னும் மோசம், ஒவ்வொரு ஸ்டெப்லயும் வால் நீண்டுட்டே போகும்.

இப்ப (λக.λச.ச) ஒமேகா ன்னு இருந்தா? வெளியில இருந்து சுருக்கினா ஒரே ஸ்டெப்ல λச.ச, ஏன்னா க-வை உடம்புல யாரும் பயன்படுத்தவே இல்ல. "முதல்ல இன்புட்டை முடிச்சுட்டு வர்றேன்"னு ஒமேகாவுக்குள்ள இறங்கினா வாழ்நாள் பூரா அங்கயேதான்.

அதனால பேப்பர்ல போடும்போது எப்பவும் இடக்கோடியில, வெளிய இருக்கற ரெடெக்ஸை முதல்ல எடுங்க, இதுக்கு நார்மல் ஆர்டர்னு பேர். விடைன்னு ஒண்ணு இருந்தா இந்த வழி கண்டிப்பா அங்க கொண்டு போய் விடும். விடை இருக்கா இல்லையான்னு முன்கூட்டியே சொல்ற பொதுவான முறை கிடையவே கிடையாது, அதையும் சர்ச் 1936-லயே காட்டிட்டார். நம்ம பயிற்சிக் கணக்குல முப்பது வரி தாண்டுச்சுன்னா ஒண்ணு ஒமேகா மாதிரி ஏதோ இருக்கு, இல்ல நீங்க ஒரு அடைப்புக்குறியை விட்டுட்டீங்க. பெரும்பாலும் ரெண்டாவதுதான்.

8. உண்மை, பொய்

இது சீக்கிரம் முடியும். ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கறதுதான் இஃப், அப்ப தேர்ந்தெடுக்கற ஃபங்ஷனையே உண்மை பொய்னு வச்சுக்கலாம்.

உண்மை = λக.λச.க
பொய் = λக.λச.ச
இல்லை = λம.ம பொய் உண்மை
மற்றும் = λம.λந.ம ந பொய்

இல்லை உண்மை ன்னு போட்டா, உண்மை பொய் உண்மை ன்னு ஆகும், உண்மை எப்பவும் முதல்ல வர்றதை எடுக்கும், அதனால பொய். "அல்லது" நீங்களே எழுதிப் பாருங்க, பத்து நிமிஷம் போதும்.

இங்க ஒரு நேர மிச்சம்: உண்மை, பொய்ங்கற பேரை λ-வா விரிக்காம அப்படியே வச்சுக்கிட்டே கணக்குப் போடுங்க. அது வரியோட முன்னாடி வந்து, பின்னாடி இன்புட் நிக்கும்போது மட்டும் விரிங்க. நான் எல்லாத்தையும் ஆரம்பத்துலயே விரிச்சு ஒரு பக்கம் முழுக்க λ-வா நிரப்பி, எது எங்க இருக்குன்னே தெரியாம விட்டுட்டேன்.

9. எண்கள்

ஒரு எண்ணுன்னா "ஒரு வேலையை அத்தனை தடவை பண்றது". இதுதான் சர்ச் எண்.

0 = λப.λக.க
1 = λப.λக.ப க
2 = λப.λக.ப (ப க)
3 = λப.λக.ப (ப (ப க))

0-வையும் மேல இருக்கற பொய்யையும் ஒப்பிட்டுப் பாருங்க. பேரைத் தவிர ரெண்டும் ஒண்ணேதான். குழம்ப வேண்டாம், டைப் இல்லாத உலகத்துல இது எண்ணா இல்ல உண்மை பொய்யான்னு யாரும் லேபிள் ஒட்டி வைக்கல, நீங்க எப்படிப் பயன்படுத்தறீங்களோ அதுதான் அது.

ஒண்ணு கூட்ட:

அடுத்து = λந.λப.λக.ப (ந ப க)

ந தடவை பண்ணிட்டு, மேல இன்னொரு தடவை ப. அடுத்து 1 போடலாம், வரி வரியா:

(λந.λப.λக.ப (ந ப க)) 1
→ λப.λக.ப (1 ப க)
→ λப.λக.ப ((λட.ப ட) க)
→ λப.λக.ப (ப க)

கடைசி வரியில அந்த அடைப்புக்குறி இருக்குல்ல, அதைத்தான் நான் தொலைச்சேன்.

கூட்டல் λம.λந.λப.λக.ம ப (ந ப க). பெருக்கல் λம.λந.λப.ம (ந ப). அடுக்கு இன்னும் சின்னது: λம.λந.ந ம, இது ம-வோட ந-ஆவது அடுக்கு. ஆர்டர்ல கவனமா இருங்க, வெறும் 2 3 ன்னு எழுதினா அது 3-ஐ ரெண்டு தடவை அப்ளை பண்றது, அதனால 9 வரும், 8 இல்ல. 3 2 போட்டாதான் 8.

பூஜ்யமான்னு பார்க்க: λந.ந (λக.பொய்) உண்மை. ஒரு தடவையாவது ஓடினா பொய், ஓடவே இல்லன்னா உண்மை.

10. ஒண்ணு கழிக்கறது, எதிர்பார்க்காத கஷ்டம்

கூட்டறது அவ்வளவு ஈஸியா இருந்துச்சேன்னு கழித்தலும் அப்படித்தான்னு போனீங்கன்னா முட்டிக்குவீங்க. ஒரு வேலையை மூணு தடவை பண்ணு அப்படீங்கறதுல இருந்து ஒரு தடவையை எப்படிப் பிடுங்கறது? சர்ச்சோட மாணவர் க்ளீனிக்கே இது லேசுல கிடைக்கல, பல் டாக்டர்கிட்ட இருந்தப்பதான் பொறி தட்டுச்சுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். அதனால ஒரு நாள் ஆனா கவலைப்படாதீங்க.

வழி: ஜோடி செய்யணும்.

ஜோடி = λக.λச.λப.ப க ச

ஒரு ஜோடிக்கு உண்மை-யைக் குடுத்தா முதல் ஆள் வருவார், பொய்-யைக் குடுத்தா ரெண்டாவது ஆள். இப்ப (0, 0) ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு தடவையும் "ரெண்டாவதை முதலுக்கு நகர்த்து, ரெண்டாவது எடத்துல அதுக்கு அடுத்ததை வை"ன்னு பண்ணிட்டே போங்க. மூணு தடவை பண்ணினா (0, 0), (0, 1), (1, 2), (2, 3). முதல் ஆளை எடுங்க, 2. அதாவது ஒரு அடி பின்னாடியே ஒருத்தரை நடக்க விட்டுட்டு கடைசியில அவரைப் பிடிக்கறோம். 0-ல இருந்து ஒண்ணு கழிச்சா 0-தான் வரும், இங்க மைனஸ் எண் கிடையாது.

இதை முழுசா λ-வா விரிச்சு பேப்பர்ல போடாதீங்க. பேர்களை வச்சே ஒரு தடவை போட்டுப் பாருங்க, மீதியைக் கம்ப்யூட்டர்கிட்ட விட்டுடுங்க.

11. ஒய் காம்பினேட்டர்

ஃபங்ஷனுக்குப் பேர் கிடையாது, அப்ப அது தன்னைத்தானே எப்படிக் கூப்பிடும்? ஒமேகாவை ஞாபகம் வச்சிருக்கீங்களா, தன்னையே காப்பி எடுத்துட்டே ஓடினது. அது ஓடுற ஒவ்வொரு சுத்துலயும் முன்னாடி ஒரு ப-வை உதிர்த்துட்டுப் போற மாதிரி மாத்தினா அதுதான் ஒய்:

ஒய் = λப.(λக.ப (க க)) (λக.ப (க க))

ஒய் ப வை ரெண்டு ஸ்டெப் சுருக்குங்க. ப-வும், அதுக்குள்ள பழைய முழு எந்திரமும் நிக்கும். அது வேணும்னா இன்னொரு சுத்து ஓடும், வேண்டாம்னா ப அதைத் தூக்கிப் போட்டுடும். ரிகர்ஷன் (தன்னைத்தானே கூப்பிடறது) நிக்கறது இந்தத் தூக்கிப் போடறதாலதான், அதனால ப-வுக்குள்ள "பூஜ்யமா" மாதிரி ஒரு செக் கண்டிப்பா இருக்கணும்.

பல பேர் மாட்டற எடம்: ஒய் ப = ப (ஒய் ப) ன்னு எல்லா இடத்துலயும் எழுதியிருக்கும், நீங்க இடப்பக்கத்துல இருந்து பீட்டா போட்டு அப்படியே வலப்பக்கத்துக்குப் போக முயற்சி பண்ணுவீங்க, வராது. ஒய் ப-வும் ப (ஒய் ப)-வும் சுருங்கிச் சுருங்கி ஒரே எடத்துல வந்து சந்திக்கும், அந்த அர்த்தத்துலதான் சமம். இது தெரியாம நான் புத்தகத்துலயே தப்புன்னு முடிவு பண்ணியிருந்தேன்.

12. பைத்தான்ல சரிபார்க்கறது

பத்தாவது ஸ்டெப் முடிச்சதும் இதைத் தொடங்கலாம், அதுக்கு முன்னாடி வேணாம், கை பழகறதுக்கு முன்னாடி மெஷின் விடை சொன்னா ஒண்ணும் நிக்காது. பைத்தான்ல லாம்டான்னே ஒரு கீவேர்ட் இருக்கு, புள்ளிக்கு பதிலா முக்காற்புள்ளி. பைத்தான் 3-ல வேரியபிளுக்கு க, ச, ப ன்னு தமிழ் எழுத்தையே வைக்கலாம், எடுத்துக்கும். இன்புட்டை ஒவ்வொண்ணா தனித்தனி அடைப்புக்குறியில குடுங்க, ப(க)(ச) ன்னு. ப(க, ச) ன்னு குடுத்தா எரர்.

விடையை பிரிண்ட் பண்ணினா "இது ஒரு ஃபங்ஷன், மெமரியில இன்ன எடத்துல இருக்கு"ன்னுதான் காட்டும், பயப்படாதீங்க. சர்ச் எண்ணுக்கு "ஒண்ணு கூட்டு"ங்கற சாதாரண பைத்தான் ஃபங்ஷனையும், அப்புறம் 0-வையும் குடுங்க, நிஜ எண் வந்து நிக்கும். உண்மை பொய்க்கு ரெண்டு வார்த்தையைக் குடுத்து எது திரும்பி வருதுன்னு பாருங்க.

ஒய்-யை அப்படியே டைப் பண்ணி அதுக்கு ஒரு ஃபங்ஷனைக் குடுத்தா உடனே ரிகர்ஷன் எரர் அடிக்கும். உங்க தப்பு இல்ல, பைத்தான் இன்புட்டை முதல்ல முடிச்சுட்டுத்தான் உள்ள போகும், ஏழாவது ஸ்டெப்ல பார்த்த அதே சிக்கல், பைத்தானோட வழக்கமான வரம்பு 1000 சுத்து, அதைத் தொட்டதும் நின்னுடும். க க இருக்கற எடத்துல λட.க க ட ன்னு மாத்துங்க, அதாவது "இன்புட் வந்தா மட்டும் ஓடு". இதுக்கு இஸட் காம்பினேட்டர்னு பேர்:

இஸட் = λப.(λக.ப (λட.க க ட)) (λக.ப (λட.க க ட))

அப்பவும் எரர் வருதுன்னா உங்க இஃப்-ஐப் பாருங்க. நம்ம உண்மை பொய்யை வச்சு இஃப் எழுதியிருந்தா, பைத்தான் ரெண்டு கிளையையும் முதல்ல ஓட்டிப் பார்த்துட்டுத்தான் தேர்ந்தெடுக்கும், ரிகர்ஷன் இருக்கற கிளை நிக்கவே நிக்காது. ரெண்டு கிளையையும் ஆளுக்கொரு வெத்து λ-வுக்குள்ள சுத்தி வச்சு, தேர்ந்தெடுத்ததுக்கு அப்புறம் ஏதாவது ஒரு டம்மி இன்புட் குடுத்துத் திறங்க. எனக்கு 5 ஃபேக்டோரியல் 120-ன்னு ஸ்கிரீன்ல வந்தது இதைப் பண்ணினதுக்கு அப்புறம்தான், பதினோரு மணிக்கு உக்காந்தது, மணி ஒண்ணே கால்.